ஐ-ஜி-ஹெச்-டி குடும்பம்

லைட், நைட், ஃபைட், மைட், ரைட், சைட், டைட், எய்ட். எட்டும் இங்கிலீஷில் ஐந்தெழுத்துச் சொற்கள். எட்டுக்கும் கடைசி நாலெழுத்து ஐ, ஜி, ஹெச், டி. முதல் எழுத்து மட்டும்தான் மாறும். தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் இந்த எட்டைத்தான் சொல்வேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி வீட்டு முகப்பில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நிறையப் பேர் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஸ்பெல்லிங் என்றால் இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாடத்தின் கடைசியில் இருக்கிற கடினச் சொற்களை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை எழுதுவதுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள், கைதான் வலிக்கும், மனசில் ஒட்டாது. அதையே குடும்பமாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள், நாலெழுத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் எட்டுச் சொல் சேர்ந்து வந்துவிடும். பட்டறையில் கண்ணாடி மேல் அதே அச்சை வைத்து ஒரு கட்டத்தில் மட்டும் சாயத்தை மாற்றி ஊற்றினால் வேறு கல் கிடைக்கிறதே, அதுபோல என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று, இந்தக் கண் நமக்கு ஏற்கனவே உண்டு. எதுகை என்று படிக்கிறோம் இல்லையா, முதல் எழுத்து மாறலாம், ஆனால் அளவு ஒத்திருக்கணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில், இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்கணும். பட்டுக்குக் கட்டு, தட்டு, மட்டு எல்லாம் எதுகை, பாட்டு ஆகாது. எழுத்தையும் அளவையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் இது. கம்பன் விழா நடக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் தரணுமா என்ன.

ஆனால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அக்கா, நடுவுல இருக்க ஜி, ஹெச்சை நாம சொல்றதே இல்லையே, அப்புறம் எதுக்கு எழுதணும்?" நல்ல கேள்வி, இதற்கு "அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் உண்மையான பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் அதைச் சொன்னார்கள். பழைய ஆங்கிலத்தில் இரவு என்பது 'நிஹ்ட்', அந்த ஹ் தொண்டையிலிருந்து வரும், அஃது என்னும்போது நடுவில் வருகிற மூச்சுக்குக் கிட்டத்தட்டப் பக்கம். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுத்து முறை மாறி, அந்த ஒலியை ஜி-ஹெச் என்று எழுதுகிற வழக்கம் மெல்ல வந்தது. வில்லியம் கேக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்ததிலிருந்து ஸ்பெல்லிங் உறைய ஆரம்பித்தது; பேச்சில் ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்னும் விடவில்லை, நாக்ட் என்று எழுதலாமா நாஹ்ட் என்று எழுதலாமா என்று நாம் திணறுகிற அந்தக் கரகரப்போடுதான் இரவைச் சொல்கிறார்கள், வெளிச்சம் அவர்களுக்கு லிஹ்ட், எட்டு ஆஹ்ட். இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு எழுதி நான் பார்த்ததில்லை. டிலைட் மட்டும் வேறு கதை, அது பிரெஞ்சிலிருந்து வந்தது, அதில் அந்த ஒலி இருந்ததே இல்லை. லைட், நைட் எல்லாம் இப்படி எழுதுகிறோமே என்று 16-ஆம் நூற்றாண்டில் இதற்குள்ளும் ஜி-ஹெச்சைச் சேர்த்துவிட்டார்கள்!

வேர்டில் ஆடுகிறவர்களுக்கு இந்தக் குடும்பம் ஒரு கண்ணி. ஜோஷ் வார்டில் என்பவர் உருவாக்கி, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய விளையாட்டு, ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கணும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சையாகும், சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சளாகும். கடைசி நாலும் பச்சையாகிவிட்டால் முடிந்தது என்று நினைப்போம், ஆனால் எட்டுச் சொல் வரிசையில் நிற்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் வாய்ப்பு தீர்ந்துவிடும். வழி இருக்கிறது. ஃபிலிம்ஸ் என்று போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே தடவையில் சோதனையாகிவிடும், அந்த நாலில் எதில் நிறம் விழுகிறதோ (எஃப் என்றால் பச்சை, மற்றவை என்றால் மஞ்சள்) அதுதான் முதல் எழுத்து. நாலும் இல்லையென்றால் என்டர் என்று போடுங்கள், அதில் இ, என், ஆர் மூன்றும் இருக்கின்றன, அவையும் இல்லையென்றால் டைட்தான், வேறு வழியே இல்லை. ஹார்டு மோடில் மட்டும் இது செல்லாது, கிடைத்த எழுத்துகளை விடக் கூடாது என்பது அங்கே விதி.

ஐ-ஜி-ஹெச்-டி முடிந்ததும் ஏ-டி-சி-ஹெச் எடுக்கலாம்: பேட்ச், கேட்ச், ஹேட்ச், லேட்ச், மேட்ச், பேட்ச் (இது P-யில் தொடங்குகிற ஒட்டு, முதலில் சொன்னது B-யில் தொடங்குவது), வாட்ச். அப்புறம் ஓ-யு-என்-டி, பவுண்ட், சவுண்ட், ரவுண்ட் வகையறா. இவை சுலபம்.

ஓ-யு-ஜி-ஹெச் குடும்பத்தை மட்டும் கடைசிக்கு வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காஃப் (இருமல்), ரஃப், டஃப், டோ (பிசைந்த மாவு), பௌ (மரக்கிளை). ஐந்தும் ஐந்தெழுத்து, வால் ஒன்று, ஆனால் வாயில் வருவது நாலு விதம், ரஃபும் டஃபும் மட்டும் ஒன்றுபோல. அதே தொண்டை ஒலிதான், முதல் மூன்றில் எஃப் ஆகிவிட்டது, மற்ற இரண்டில் மறைந்துவிட்டது. எப்போது எது என்று விதி சொல்ல முடியாது, இரண்டு கூட்டமாகத் தனித்தனிப் பக்கத்தில் எழுதி வைக்கத்தான் வேண்டும். எஃப் கூட்டத்தை ரஃபில் தொடங்குங்கள், எல்லாப் பிள்ளையிடமும் ஒரு ரஃப் நோட்டு இருக்கும், அதன் அட்டையில் அவர்களையே இங்கிலீஷில் எழுதச் சொன்னால் போதும்.