சயாட்டிகாவும் இ.எஸ்.ஐ. சீட்டும்: திருவொற்றியூரிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

சயாட்டிகா எனப்படும் இடுப்பு நரம்பு வலிக்குச் சிகிச்சை தேடிப் புறப்படுபவரிடம் எல்லோரும் முதலில் சொல்லும் சொல் "உட்காருங்க" என்பதுதான். மருந்தகத்தில் உட்கார வேண்டும், ஷேர் ஆட்டோவில் உட்கார வேண்டும், ஸ்கேன் எடுக்குமிடத்தில் பெயர் கூப்பிடும்வரை உட்கார வேண்டும். அந்த நோயோ உட்காருவதை மட்டும் அனுமதிப்பதில்லை. கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையிலுள்ள கடைசி ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திய மாதங்களில் எனக்கு நிற்பது பரவாயில்லை, நடப்பது அதைவிட மேல். நாற்காலியில் அமர்ந்த சில நிமிடங்களில், இடது பிட்டத்தில் தொடங்கும் வலி பின்தொடை, கெண்டைச்சதை வழியாக இறங்கிச் சுண்டுவிரலில் போய் எரியும். சிகிச்சையைவிடச் சிகிச்சைக்காகக் காத்திருந்ததே என்னை அதிகம் வாட்டியது என்பதால், அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதுவது என் வேலை. திருவொற்றியூர் தேரடியிலிருந்து அங்கே போகும் சாலையை, டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே தினமும் இருசக்கர வண்டியில் கடப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் நான் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீட்டாளன், சம்பளத்தில் 0.75 சதவீதம் என்னிடம் பிடிக்கப்படுகிறது, 3.25 சதவீதம் நிறுவனம் கட்டுகிறது. வலி தொடங்கிய வாரத்தில் தெருமுனை மருத்துவர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லிச் சான்றும் எழுதிக்கொடுத்தார். பெரியம்மா, "இது வாயுப் பிடிப்புடா, காசிமேட்டுல ஒருத்தர் இருக்காரு, ஒரே இழுப்புல சுளுக்கு எடுத்துடுவாரு" என்று நாள்தோறும் வற்புறுத்தினார். கால்வரை வலி இறங்கியிருக்கும்போது முதுகெலும்பை யாரும் இழுக்கவோ திருகவோ மிதிக்கவோ விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதற்காக அவர் என்னோடு சில நாள் பேசவில்லை.

வலி குறையாததால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று முன்னால் போய்ச் சேர்ந்தபோது, சீட்டு பதிபவர் என் காப்பீட்டு எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரு இங்க இல்லீங்களே" என்றார். நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் நகரின் மேற்குக் கோடியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒதுக்கப்பட்ட மருந்தகமே இன்னும் என் பெயருக்கு எதிரே நின்றது. புதிய நிறுவனம் என்னைத் தன் கணக்கில் சேர்த்தபோது பணம் கட்டுவதற்கு வேண்டியதை மட்டும் மாற்றியிருந்தது. வலியோடு வந்திருக்கிறேன், இன்று ஒரு நாள் மட்டும் பாருங்கள் என்று கேட்டதற்கு, "அங்க போங்க, இல்லன்னா கம்பெனில மாத்திட்டு வாங்க" என்ற பதிலோடு அடுத்தவரை அழைத்துவிட்டார். மருத்துவர் நாலடி தூரத்தில்தான் இருந்தார்.

இந்த மாற்றத்துக்கு நிறுவனத்தின் தயவு தேவையில்லை என்பதை அன்று மாலை தெரிந்துகொண்டேன். காப்பீட்டாளருக்கான இணையப் பக்கத்தில் நம் எண்ணைக் கொண்டு நுழைந்து மருந்தகத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். கைபேசி எண் சரியாகப் பதிவாகியிருந்தால் போதும். இதைப் படிப்பவர்களில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை உள்ளே போய் மருந்தகம், குடும்பத்தார் பெயர்கள், வங்கிக் கணக்கு, ஆதாரில் உள்ள தலைப்பெழுத்து ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். இருமும்போதுகூடக் கால் சுண்டியிழுக்கும் நிலையில் கைபேசித் திரையைக் குனிந்து பார்க்க முடியாது.

மாற்றிய பிறகு அதே மருந்தகத்தில் மருத்துவர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடதுகாலை மெதுவாக உயர்த்தினார். பாதி உயரத்துக்கு முன்பே நான் கத்திவிட்டேன். கணுக்காலின் பின்னே சுத்தியலால் தட்டிப் பார்த்தார், குதிகாலாலும் முன்விரல்களாலும் நடக்கச் சொன்னார், சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா என்று கேட்டார். பிறகு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதினார். இந்தக் கட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

அயனாவரத்துக்குப் போய்வருவது தனிக் கதை. ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்கி ஒடுங்கி அமர்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்ததோடு முதல் பயணம் முடிந்தது. அதன்பின் புறநகர் ரயிலுக்கு மாறினேன்: திருவொற்றியூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கே அரக்கோணம் மார்க்க வண்டி பிடித்து, அயனாவரத்துக்கு அருகிலுள்ள பெரம்பூர். பேசின் பிரிட்ஜ் நடைமேம்பாலப் படிகள் தொல்லைதான். ஆனால் ரயிலில் கதவோரக் கம்பியைப் பிடித்து நின்றபடியே போகலாம், குலுக்கலும் இல்லை. சென்ட்ரல் பக்கம் போக வேண்டியவர்களுக்கு 2021 முதல் விம்கோ நகர் வரை நீண்டிருக்கும் மெட்ரோ இன்னும் நல்லது, அதில் மின்தூக்கி உண்டு. இருக்கை காலியாக இருந்தும் நிற்பவனை மற்றவர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள். "உட்காருங்க தம்பி" என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்தே இழுத்தார். இடுப்பில் பெல்ட்டை வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டால் இந்த உபசரிப்பு குறையும். அதைத் தவிர அந்த பெல்ட்டால் எனக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்க, மருத்துவமனையின் கடிதத்தோடு வெளியே ஒரு ஸ்கேன் மையத்துக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் மருத்துவரின் முத்திரை இருக்கிறதா, காப்பீட்டு எண்ணில் இலக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்பதை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே பார்த்துக்கொண்டதால் அந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்மணிக்கு வந்தது. ஸ்கேனில் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். முழங்கால்களுக்கு அடியில் தலையணை கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கொடுப்பதில்லை.

பெரிய வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான். அறிக்கையை வாங்கிக்கொண்டு மீண்டும் ரயில் மாறி அயனாவரம் போய்ச் சேர்ந்தேன். மருத்துவர் படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார், அறிக்கையைப் படித்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "எந்தக் காலு வலிக்குதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். இடது என்றேன். அறிக்கையில் எல்5–எஸ்1 எலும்புகளுக்கு இடையிலான அந்தக் கடைசி ஜவ்வு வலப்பக்க நரம்பை அழுத்துவதாக அச்சாகியிருந்தது. படத்தில் அழுத்தம் இடப்பக்கத்தில் தெளிவாக இருந்தது. மருத்துவருக்குப் படமே போதும். ஆனால் கோப்பில் தவறான அறிக்கையை வைத்துக்கொண்டு ஊசியோ அறுவையோ யாரும் எழுத மாட்டார்கள். திருத்தி வாங்கி வரச் சொன்னார். ஸ்கேன் மையத்தின் வரவேற்பில் இருந்த இளைஞர், "டைப்பிங் மிஸ்டேக் சார், டாக்டர் நாளைக்குத்தான் வருவாரு, உட்காருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார். உட்கார முடியாது என்று சொல்லி மேசை எதிரிலேயே நின்றேன். நிற்பவரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நீண்ட நேரம் வேலை பார்க்க யாராலும் முடியாது போலும். நாளைக்கு வரவேண்டிய மருத்துவர் தொலைபேசியில் கிடைத்தார், திருத்திய அறிக்கை மதியத்துக்குள் கைக்கு வந்தது. இந்த நோய் எனக்குத் தந்த ஒரே ஆதாயம் இதுதான்.

எனவே, அறிக்கை வாங்கும் இடத்திலேயே பெயர், வயது, தேதி, இடமா வலமா என்பதைப் படித்துப் பாருங்கள். படச்சுருளையோ குறுந்தகட்டையோ கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் உள்ள மற்ற சொற்களுக்கு அஞ்ச வேண்டாம். என்னுடையதில் மேலும் இரண்டு ஜவ்வுகள் வீங்கியிருப்பதாகவும் நீர் வற்றியிருப்பதாகவும் எழுதியிருந்தது. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது பாதிக்குச் சற்று அதிகமானோரின் ஜவ்வு ஏதாவதோர் இடத்தில் வீங்கியிருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. வலிக்கும் இடமும் அழுத்தம் தெரியும் இடமும் ஒத்துப்போகிறதா என்பதே மருத்துவர் பார்ப்பது. உறவினர் ஒருவர் வற்புறுத்திக் கூட்டிப்போன தனியார் மருத்துவமனையில், அதே படத்தைப் பார்த்துவிட்டு அந்த வாரமே அறுவை செய்துகொள்ளலாம் என்று கட்டண விவரத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். கால் பலவீனம் இல்லை, சிறுநீர்த் தடை இல்லை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும், பிதுங்கிய ஜவ்வு சுருங்குவதும் உண்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்று இ.எஸ்.ஐ. மருத்துவர் சொன்னதையே நான் ஏற்றேன்.

இரவுக்கு எழுதித்தந்த பிரெகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை மறுநாள் முற்பகல் வரை தலையைச் சுற்றவைத்தது. வலி குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான சோதனையிலும் சயாட்டிகாவுக்கு அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. மருத்துவரிடம் சொன்னபோது படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சாப்பிடும் நாட்களில் வண்டி ஓட்டவும் கூடாது. என்னை நிமிர்த்தியது பிசியோதெரபிதான். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும் பயிற்சியைச் செய்தபோது, காலில் இருந்த வலி குறைந்து இடுப்பில் வலி கூடியதைக் கண்டு பயந்துபோனேன். "காலை விட்டு மேல ஏறுதுன்னா நல்லதுங்க, கீழ இறங்குனாத்தான் நிறுத்தணும்" என்று பயிற்சி தந்த அம்மா சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன். காலையில் காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் தேரடியிலிருந்து கடற்கரைப் பக்கம் நடப்பதை மருந்தாகவே எழுதிக் கொடுத்தார்கள்.

சிகிச்சை இவ்வாறு போய்க்கொண்டிருக்க, விடுப்புப் பணம் இன்னொரு வலியாக வளர்ந்தது. நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருந்திருக்க வேண்டும். நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. இவையெல்லாம் தெளிவான விதிகள். ஆனால் ஓய்வெடுக்கச் சொல்லும் சான்றை வாரந்தோறும் நேரில் போய் வாங்க வேண்டியிருந்தது. பயணம் செய்யாதே என்று எழுதிய தாளை வாங்கப் பயணம் செய்தேன். தெருமுனை மருத்துவரின் சான்றைக் காட்டியபோது, "இதெல்லாம் செல்லாது" என்று பணப்பிரிவு எழுத்தர் பார்க்காமலேயே தள்ளிவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தொழிற்சங்கத்தவர்தான், மாற்றுச் சான்றாக ஏற்கும்படி மனு எழுதிக் கொடுங்கள், ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு, எழுத்தரின் முடிவு அல்ல என்று காதோடு சொன்னார். எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை குத்தி வாங்கிய பிறகே நகர்ந்தேன். இதற்கிடையில், நான் வேலைக்கு வராததை உறுதிசெய்து நிறுவனம் அனுப்ப வேண்டிய பதில் மனிதவளப் பிரிவின் மேசையில் கிடந்தது. அங்கேயும் போய் நின்றுதான் அனுப்பவைத்தேன்.

இந்த வரிசையில் எதிலும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ, நடக்கும்போது பாதம் தரையில் இழுபட்டாலோ, சீட்டு, பரிந்துரை, காப்பீடு எதையும் தேடாமல் 108ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். அந்த நிலையில் மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தர இழப்பு ஏற்படலாம்.

இப்போது சுண்டுவிரலில் இலேசான மரமரப்பு மட்டும் மிச்சம். இறுதிச் சான்று வாங்கி வேலைக்குத் திரும்பிவிட்டேன். கிடங்கில் இரண்டு மரப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் கணினியை வைத்து நின்றுகொண்டே கணக்கு எழுதுகிறேன், மேலாளர் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை. இ.எஸ்.ஐ. சான்று உள்ள வாரங்களுக்கான தொகை வங்கிக் கணக்கில் முழுவதும் வந்துவிட்டது. தெருமுனை மருத்துவரின் சான்றுக்குரிய நாட்கள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முத்திரை குத்திய நகலை எடுத்துக்கொண்டு வரும் வாரம் மறுபடியும் போகிறேன்.