முதுகைக் காட்டுங்கள்

கேம் பாத்திரமாகக் கணினியில் நான்கு மாதம் உழைத்துச் செதுக்கிய என் முதல் முழு உருவத்தை 2021 பிப்ரவரியில் ஒரு மூத்த கலைஞரிடம் காணொளி அழைப்பில் காட்டினேன். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் சாயலில் ஒரு வீரன். முறுக்கிய மீசை, உருண்ட விழிகள், இடுப்பில் கச்சை, ஓங்கிய வலக்கையில் வீச்சரிவாள். மீசையின் ஒவ்வொரு கற்றையையும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு, "முகம் நன்றாக வந்திருக்கிறது. முதுகைக் காட்டுங்கள்" என்றார்.

உருவத்தைத் திருப்பினேன். திரையில் ஒரு பலகை நின்றது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம், இருபுறமும் வழவழப்பான சதை, அவ்வளவுதான். வலக்கை அரிவாளை ஓங்கியிருக்கிறது, இடக்கை தொங்குகிறது. ஆனால் முதுகின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. மென்பொருளில் சிமெட்ரி என்றொரு வசதி உண்டு. ஒரு பக்கம் செய்வதை அது மறுபக்கமும் செய்துவிடும். கைகளின் நிலையை மாற்றிய பிறகும் முதுகை நான் தொடவே இல்லை.

"விளையாடுகிறவர் இந்த ஆளோடு எத்தனையோ மணி நேரம் இருக்கப்போகிறார். அதில் பெரும்பகுதி அவர் பார்க்கப்போவது இதைத்தான்" என்றார் அவர்.

உண்மைதான். நாயகனை ஓடவிட்டு விளையாடும் கேம்களில் கேமரா அவன் பின்னால்தான் வருகிறது. அவன் மலை ஏறினாலும் வாள் வீசினாலும் நம் கண்ணெதிரே இருப்பது பிடரியும் தோளும் முதுகும். இப்படிப்பட்ட கேம்களைப் பல ஆண்டுகள் விளையாடியிருக்கிறேன். ஒருமுறைகூட இதை நான் கவனித்ததில்லை.

அன்று இரவு என் பழைய ஓவியங்களை எடுத்து எண்ணினேன். பத்தொன்பது வயதிலிருந்து வார, மாத இதழ்களுக்குக் கதைப் படம் வரைந்தவன் நான். கலைக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மதுரையில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர்கள்தான் முதல் பாடம். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான தெய்வங்களைப் பழைய நோட்டுகளின் பின்பக்கத்தில் பார்த்துப் பார்த்து வரைந்து கற்றேன். அந்தத் தெய்வங்கள் எல்லாம் நம்மைப் பார்த்து நிற்பவை. வணங்க வருகிறவனுக்கு முகம் காட்டுவதுதானே தெய்வப் படத்தின் வேலை? கதைப் படத்திலும் வாசகன் தேடுவது முகத்தைத்தான். எண்ணிய ஏறக்குறைய தொள்ளாயிரம் படங்களில் முதுகு தெரிபவை பதினொன்று. அவற்றிலும் ஏழு, பிரிந்து போகும் பெண்கள். புடவைத் தலைப்பு முதுகை மூடியிருந்தது. மீதி நான்கில், முகத்தை மறைப்பதற்கு எனக்குக் கிடைத்த வழியாகவே முதுகு வந்திருந்தது.

இந்தத் துறைக்கு நான் ஆசைப்பட்டு மட்டும் வரவில்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது எனக்கு வேலை தந்துகொண்டிருந்த இதழ்கள் பக்கங்களைக் குறைத்தன, சில நின்றன. படத்துக்குக் காசு வாங்கிய கை சும்மா இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், முப்பரிமாண உருவங்கள் செய்ய உதவும் பிளெண்டர் மென்பொருளின் 2.80 பதிப்பு வந்திருந்தது. இலவசம். பழைய பதிப்பைத் திறந்து பயந்து மூடியவர்கள்கூடப் புழங்கும்படி அதன் முகப்பு மாறியிருந்தது. கையிலிருந்த டேப்லெட்டையும் எட்டு ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியையும் வைத்துத் தொடங்கினேன்.

வரையத் தெரிந்தவனுக்குச் சிற்பம் எளிதாக வரும் என்று நினைத்திருந்தேன். முதல் ஆறு வாரம் என் வரைதிறமையே எனக்கு எதிரியாக இருந்தது. கண் என்றால் என் கைக்குத் தெரிந்தது பாதாம் பருப்பு வடிவில் இரண்டு கோடுகள். மேல்கோடு தடிப்பு, கீழ்க்கோடு மெலிவு. உருண்டையான தலையின் மேல் அதே கோடுகளைக் கீறினேன். பூசணிக்காயில் கத்தியால் கீறியதுபோல இருந்தது. மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளம். அதன் மேல் இமை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இமைக்குத் தடிமன் உண்டு. மேலிமையின் விளிம்பு கோளத்தைத் தழுவி வளைந்து பக்கவாட்டில் பின்வாங்குகிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது மட்டும்தான் அது கோடாகத் தெரிகிறது. முதலில் கோளத்தை வைத்து, பிறகு அதன் மேல் இமையை மூடியபோது என் திரையில் முதல்முறையாக ஒரு கண் பார்த்தது. நான் இத்தனை ஆண்டு வரைந்த கோடுகள் எல்லாம் ஓர் இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு மட்டும் உண்மையானவை என்பது அப்போதுதான் உறைத்தது.

நிழலும் அப்படித்தான். மூக்கின் ஓரம் எங்கே கருப்பு வைப்பது என்பதை ஓவியன் தீர்மானிக்கிறான். சிற்பத்தில் அந்த அதிகாரம் இல்லை. வடிவம் சரியாக இருந்தால் வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் நிழல் தானே விழும். தவறாக இருந்தால் விளக்கை நகர்த்திய நொடியில் குட்டு வெளிப்பட்டுவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும்போதெல்லாம் விளக்கைக் கன்னத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது, இன்றும் இருக்கிறது.

பின்னாளில் ஸீபிரஷ் கற்றபோது ஒரு செய்தி தெரிந்து மகிழ்ந்தேன். இன்று கேம் உலகின் பல பாத்திரங்கள் பிறக்கும் அந்தச் சிற்ப மென்பொருள், 1999இல் முதலில் காட்டப்பட்டபோது ஓவியம் வரையும் கருவியாகவே இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தோடு ஆழத்தையும் சேர்த்து வைக்கும் ஓவியப் பலகை அது. ஓவியத்திலிருந்து சிற்பத்துக்கு வந்தது நான் மட்டும் இல்லை, அந்தக் கருவியும்தான்.

அதில் ஒழுங்கு பழகுவதற்கு நாளாயிற்று. திரையிலுள்ள உருவத்தின் மேற்பரப்பு சதுரத் துண்டுகளால் ஆனது. அதை ஒருமுறை நுணுக்கினால் துண்டுகள் நான்கு மடங்காகும். இரண்டாயிரம் துண்டுகள் உள்ள உருண்டையை ஐந்து முறை நுணுக்கினால் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். அவசரமாகப் பலமுறை நுணுக்கி, தோலின் துளைகளையும் சுருக்கங்களையும் செதுக்கினேன். அடியில் மண்டை ஓடு கோணலாக இருந்தது. இணையத்தில் விற்கும் பயிற்சிகளும் இந்த ஆசையைத்தான் தூண்டுகின்றன. தோல் துளைக்கு ஒரு பிரஷ், துணி மடிப்புக்கு ஒரு பிரஷ். இரண்டாயிரம் துண்டுகளில் ஆள் அடையாளம் தெரியாவிட்டால் இருபது லட்சத்திலும் தெரியாது. இதைப் புதியவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

முதுகுக்கு வருகிறேன்.

என் அப்பா கீழமாசி வீதியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் லோடுமேனாக இருந்தவர். லாரியிலிருந்து பருப்பு மூட்டை, சர்க்கரை மூட்டை இறக்கிக் கடைக்குள் அடுக்குவது வேலை. ஐம்பது கிலோ மூட்டை பின்னால் வந்த வழக்கம். அவர் காலத்தில் நூறு கிலோ. அவருடைய முகத்தை நான் பலமுறை வரைந்திருக்கிறேன். அந்த முகம் பெயர் மாறி எத்தனையோ கதைகளில் விவசாயியாகவும் பூசாரியாகவும் வந்திருக்கிறது. முதுகைப் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில், அவர் சட்டையில்லாமல் நடமாடும் வீட்டில், பார்த்ததே இல்லை.

ஒரு காலையில் அவரை முற்றத்தில் ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.

"முதுகில் என்னடா இருக்கிறது பார்ப்பதற்கு?"

"கையை மெதுவாகத் தூக்குங்கள் அப்பா."

தூக்கினார். சாய்ந்து விழுந்த வெயிலில் தோள்பட்டை எலும்பு தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வெளிப்புறமாகத் திரும்பியது. கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகைதான் தோள்மூட்டின் வேலை, மீதி 60 பாகையை அந்த எலும்பு சுழன்று தருகிறது என்று உடற்கூற்றுப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தபோது அது ஒரு கணக்காக இருந்தது. அப்பாவின் முதுகில் அது நகர்ந்தது. கழுத்தின் அடியில் துருத்த வேண்டிய ஏழாவது எலும்பு அவருக்குத் தெரியவில்லை; அங்கே மூட்டை அழுத்தி அழுத்தித் தடித்துப் போன காய்ப்பு இருந்தது. எப்போதும் வலப்பக்கமாகவே சுமை வாங்கியதால் வலப்பக்கத்துப் பிடரித் தசை இடப்பக்கத்தைவிடப் பருத்து, முதுகெலும்பின் பள்ளம் இலேசாக இடம் சாய்ந்து இறங்கியது. சிமெட்ரி பொத்தானை அணைத்துவிட்டுத்தான் இந்த மனிதரைச் செய்ய முடியும்.

அவர் கேட்டார்: "வலிக்கிற இடம் தெரிகிறதா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

அதே மாதம் தஞ்சாவூர் அரண்மனையிலுள்ள கலைக்கூடத்துக்குப் போனேன். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனி. அவர் சாய்ந்து நிற்கும் காளை இப்போது இல்லை. ஆனால் வலக்கை வெறும் காற்றில் காளையின் மேல்தான் ஊன்றியிருக்கிறது. அந்தக் கைக்கு எடை இருப்பது எப்படித் தெரிகிறது என்று நெடுநேரம் பார்த்தேன். கையில் விடை இல்லை. ஒரு கால் உடலைத் தாங்க, மறுகால் தளர்ந்து குறுக்கே போக, இடுப்பு ஒருபுறம் ஏறி, தோள் அதற்கு எதிராக இறங்குகிறது. இல்லாத காளையை உடல் முழுவதும் சேர்ந்து காட்டுகிறது. பக்கவாட்டில் நகர்ந்து எட்டிப் பார்த்தேன். தலைப்பாகையாகச் சுற்றிய சடையும் முதுகின் நெளிவும் முன்பக்கத்துக்கு இணையான அன்போடு வார்க்கப்பட்டிருந்தன. உற்சவத்தில் பட்டும் மாலையும் அந்த முதுகை மூடிவிடும் என்பது வார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் செய்திருக்கிறார்.

அப்பாவின் முதுகை ஐந்து மாதம் செய்தேன். தலை இருந்தது, முகத்தில் கைவைக்கவில்லை, வெறும் திரள்களாக விட்டுவிட்டேன். அதை முதல் படமாக வைத்து வேலைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடங்களில் பத்து நாள் தேர்வு வேலை வாங்கிக்கொண்டு பதிலே சொல்லவில்லை. அந்த உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. இந்தத் துறையில் இது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதாலேயே நியாயமாகிவிடாது. மூன்றாவது இடத்தில், சென்னையில் வெளிநாட்டு கேம்களுக்குப் பாத்திரங்கள் செய்து தரும் ஒரு ஸ்டூடியோவில், சேர்த்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. எங்கள் குழுத் தலைவி என்னைவிட ஆறு வயது இளையவர்.

முதல் ஓராண்டு பீப்பாய், பாறை, உடைந்த தூண், கேடயம். மனிதனைத் தொடவே விடவில்லை. அது நல்லதாகப் போயிற்று. செதுக்குவது பாதி வேலைதான் என்பதை அந்தப் பீப்பாய்கள் கற்றுத் தந்தன. கோடிக்கணக்கான துண்டுகளோடு செய்த சிற்பத்தைக் கைப்பேசியில் ஓடும் கேம் தாங்காது. அதன் மேல் சில ஆயிரம் முக்கோணங்களில் ஒரு புதிய தோலைக் கட்ட வேண்டும். செதுக்கிய நுணுக்கத்தையெல்லாம் நார்மல் மேப் என்ற படத்தில் ஏற்றி அந்தத் தோலில் போர்த்த வேண்டும். அந்தப் படம் வெளிர் ஊதாவும் நீலமும் கலந்து இருக்கும். பரப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்பதைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களாக அது எழுதி வைக்கிறது. எந்தப் பக்கமும் சாயாத இடத்துக்கு 128, 128, 255. அந்த நிறம்தான் அந்த ஊதா. நிறத்தை நிறமாகவே பார்த்துப் பழகிய எனக்கு, நிறம் திசையைச் சொல்லும் இந்த ஏற்பாடு இன்றும் வியப்புத் தருகிறது.

மனித உருவம் முதலில் கைக்கு வந்தபோது தோளில்தான் சிக்கினேன். அசைவு கொடுப்பவர் கையை உயர்த்தினால் அக்குள் பை போலச் சுருங்கியது. தோலின் துண்டுகள் வரிசையாக ஓடும் கோடுகளைக் கண்ணிகள் என்போம். குழுத் தலைவி என் மேசைக்கு வந்து, "நீங்கள் தோள்மூட்டை மட்டும் நினைத்துக் கண்ணிகளை ஓட்டியிருக்கிறீர்கள். தோள்பட்டை எலும்பும் சேர்ந்து திரும்ப இடம் கொடுங்கள்" என்றார். முற்றத்து ஸ்டூலும் வெயிலும் நினைவுக்கு வந்தன. கண்ணிகளை முதுகுவரை பின்னால் இழுத்து மீண்டும் கட்டினேன். கை ஏறியது.

எங்கள் பெயர் கேமின் இறுதிப் பட்டியலில் வருவதில்லை; சில சமயம் நிறுவனத்தின் பெயர் ஒரு வரியாக வரும். செய்ததை வெளியே காட்ட ஒப்பந்தம் விடாது. மாதக்கணக்கில் ஒரு தோள்கவசத்தோடு வாழ்ந்தவரின் பெயருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இடம் இருக்க வேண்டும். இதைக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற ஆண்டு அப்பா என்னுடன் தங்க வந்தார். வீட்டுக் கணினியில் அந்தப் பழைய முதுகைத் திறந்து காட்டினேன், அது என் சொந்த வேலை என்பதால். யாருடையது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் பிடரியைத் தடவிக்கொண்டார். மௌஸை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். உருவத்தைத் தானே மெல்ல முன்பக்கம் திருப்பினார்.

"முகம் இன்னும் செய்யவில்லையா?"

"இல்லை அப்பா."

"சரி, மெதுவாகச் செய்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதுகுப் பக்கமே திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.