கருங்கல் ஊரில் உட்கார்ந்து ஒரு ஐஸ் ஹாக்கி தொடர் நடத்தியது

வளைகுடாவில் ஒரு மாலுக்குள் இருக்கும் ஐஸ் ரிங்கில் பல வருஷம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் குமரி மாவட்டத்தில் இருக்கும் சொந்த ஊரான கருங்கல்லுக்கே திரும்பிவிட்டேன். நான்கு ஆசிய நாடுகளின் தேசிய அணிகளை அழைத்து ஒரு நட்புத் தொடர் நடத்தப் போகிறோம், பேப்பர் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பாயா என்று பழைய மேலாளர் கேட்டார். சம்மதித்தேன். இந்த மாதிரி வேலை கையில் வந்தால் எதை முதலில் தொடுவது என்று யாருக்காவது உதவட்டும்.

முதலில் அனுமதி. தேசிய அணி என்ற பெயரில் ஆட வேண்டுமென்றால், அந்தந்த நாட்டுச் சங்கம் வழியாக சூரிச்சில் இருக்கும் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்புக்குப் போக வேண்டும். வீரர் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். முன்பு வேறொரு நாட்டுக்காக ஆடியவர் என்றால், புதிய நாட்டின் உள்ளூர்ப் போட்டிகளில் நான்கு வருஷம் ஆடியிருக்க வேண்டும். அதனால் பெயர்ப்பட்டியல் வந்த அன்றே பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

என் நேரத்தைத் தின்றது விசாதான். பாஸ்போர்ட்டை மொபைலில் படம் பிடித்து அனுப்புவார்கள். அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதன் மேல் பிடித்தவரின் கட்டைவிரல் இருக்கும். அந்த வரிகள் தெரியாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். ஆனி மழையில் கரண்ட் போகும், நெட் போகும். திங்கள்சந்தையில் ஒரு கடைக்காரர் இரவு எவ்வளவு நேரமானாலும் ஸ்கேனரைத் திறந்து வைத்துத் தந்தார். நம் பக்கம் வீட்டுக்கு வீடு கல்ஃப் போனவர்கள், விசா அவசரம் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அப்புறம் அட்டவணை. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் ஆறு ஆட்டம். ஓர் ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. பந்துக்குப் பதிலான அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, பக், ஆட்டத்தில் இல்லாதபோதெல்லாம் கடிகாரம் நிற்கும். அதனால் வார்ம்-அப்பையும் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். இடைவேளை 15 நிமிடம். அதற்குள் ஜாம்போனி வண்டி வந்து ஐஸைச் சீவி, சுடுதண்ணீர் பூசிவிட்டுப் போக வேண்டும். சுடுதண்ணீர் பழைய ஐஸின் மேல்தோலை லேசாக உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும். அதில் காற்றும் குறைவு என்பதால் ஐஸ் தெளிவாக, கெட்டியாக உறையும். மேற்பரப்பு மைனஸ் 5 டிகிரி பக்கம் இருந்தால் நல்லது.

ஜாம்போனி ஓட்டுபவர் குளச்சல்காரர். ஒத்திகை நாளில் வீடியோ காலில் வந்தார். "மக்கா, இங்க பாரு, ஐஸுக்கு வேர்க்குது. சாமான் ஏத்துற கதவ எவனோ தொறந்து போட்டிருக்கான்." கேமராவைத் தாழ்த்திக் காட்டினார். வெளியிலிருந்து வந்த ஈரக்காற்று ஐஸ் மேல் புகையாகப் படர்ந்து, ஐஸில் போட்டிருக்கும் நீலக்கோடே மங்கலாகத் தெரிந்தது. "அண்ணே, அந்தக் கதவுக்கு ஓர் ஆளையே நிறுத்திருவோம்" என்றேன். தொடர் முடியும்வரை அங்கே ஒருவர் நின்றார். அட்டவணை போடும் முன் இந்த மாதிரி ஆளிடம் பேசுங்கள். மேலாளர்கள் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரைமணி போதும் என்றார்கள், குளச்சல் அண்ணன் ஒரு மணி நேரம் கேட்டார். நான் அவர் சொன்னதையே போட்டேன். ஓர் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனபோதும் அடுத்த ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது.

மருத்துவர், ஆம்புலன்ஸ், வெளிர் நிறத்திலும் அடர் நிறத்திலும் இரண்டு செட் ஜெர்சி ஆகியவை சிரமமில்லாமல் முடிந்தன. நடுவர்கள் மட்டும் தனிக் கவலை. ஆடும் இரு நாட்டையும் சேராதவர்களாக இருக்க வேண்டும், ஓர் ஆட்டத்துக்கு ஐஸில் நான்கு பேர் வேண்டும். இவர்களுக்கும் விசா வேண்டுமே! அணிகளின் டிக்கெட்டுக்கு முன்பே நடுவர்களின் டிக்கெட்டைப் போடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் வென்ற நாட்டின் தேசிய கீதம் ஒலிக்கும். இணையத்தில் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு அணி மேலாளருக்கும் கீதத்தையும் கொடியையும் அனுப்பி, இதுதான் சரி என்று எழுத்தில் வாங்கினேன். ஒருவர், தங்கள் நாட்டில் இப்போது பாடுவது வேறு பதிவு என்று புதிதாக அனுப்பி வைத்தார். அதைத்தான் ரிங்கில் போட்டார்கள்.