தனுஷ்கோடி சர்ச் சுவத்துல ஏறாம இறங்கி வந்தோம்

ஜனவரில மதுரையில இருந்து நாங்க நாலு பேரு தனுஷ்கோடி போனோம். நாலு பேருமே லீவு கெடச்சா பாறை ஏறுற ஆளுங்க, எங்க போனாலும் கண்ணு கல்லைத்தான் தேடும். ராமநாதபுரம் கடற்கரையில மலை ஏது, மணலும் உப்புக்காத்தும்தான், ஆனா 1964 டிசம்பர் புயல்ல மிஞ்சுன அந்த சர்ச் சுவரு நிக்குதே, பவளக்கல்லு, ஓட்ட ஓட்டயா விரல் நுழையுற மாதிரி, பாத்ததும் கூட வந்தவன் ஷூவ மாட்டிட்டு கைய வச்சுட்டான்.

பக்கத்துல சங்கு, பாசிமணி விக்கிற அக்கா எந்திரிச்சு வந்துட்டாங்க. "தம்பி, ஏறாதீங்கப்பா, எங்கம்மாவுக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயிலு இது, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொட்டிக்கிட்டே இருக்கு."

அவன் ஒடனே இறங்கிட்டான், எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. பவளக்கல்லு உள்ள உப்புத்தண்ணி ஊறும், காயும்போது உப்பு படிகமாகி உள்ளருந்தே கல்ல நெம்பும், வெளிய கெட்டியா தெரியிற விளிம்பு ஒரு ஆளு வெயிட்டுக்கு பேந்துரும். மழை பெஞ்ச மணற்பாறையில காயிற வரைக்கும் ஏறக்கூடாதுன்னு எங்களுக்கே தெரியும், அப்புறம் இது மட்டும் எப்படி மறந்துச்சு? பேந்த கல்லு திரும்ப வளராது.

எங்க பக்கத்துல ஒரு பாறைக்கு இப்ப யாரும் போக முடியாது. ஏற வந்தவங்க தோட்டத்து கேட்ட தொறந்து போட்டுட்டு போயிட்டாங்க, ஆடு புகுந்து வெள்ளாமைய மேஞ்சிருச்சு, தோட்டக்காரரு வழிய அடச்சிட்டாரு. அவரு மேல நான் தப்பே சொல்லமாட்டேன்.

அத பேசிக்கிட்டே வந்தா, நம்ம வண்டிய கரைவலை இழுக்குற எடத்துல விட்ருக்கோம்! ஒரு அண்ணன் சத்தம் போடாம, கொஞ்சம் எடுங்க தம்பின்னாரு. எடுத்துட்டு வந்து நாங்களும் கயித்த புடிச்சோம், உள்ளங்கை எரிஞ்சுச்சு. மன்னார் வளைகுடா 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, அங்க இறங்க அவருக்கே அனுமதி கெடையாதாம், "முன்னாடி அதுல தங்கி மீன் புடிச்சவங்க நாங்க, பவளம் பொழைக்கணும்னு ஒதுங்கிட்டோம், வெளியூர்ல இருந்து வர்றவுக கொஞ்சம் கேட்டுட்டு கால் வச்சா என்ன" அப்படின்னாரு.

வலை கரையேறுனதும் ஒரு கை சூடை மீன அள்ளி குடுத்தாரு, காசு வாங்கல. அடுத்த தடவ வண்டிய ரோட்டு மேலயே விட்டுட்டு வாங்கன்னாரு.