‘நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள்?’ மூன்று தெரபிஸ்ட்டுகளைப் பார்த்த அனுபவம்

பேனிக் அட்டாக்குக்காக, அதாவது திடீரென்று நெஞ்சு படபடத்துப் பயம் உச்சத்துக்குப் போகிற பிரச்சினைக்காக, தெரபிக்குப் போக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதயம், தைராய்டு என்று எடுத்த பரிசோதனைகளில் எல்லாம் நார்மல். டாக்டர் தெரபிக்குப் போகச் சொன்னார். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. எனக்குப் பொருந்துகிற ஆளிடம் போய்ச் சேருவதற்குள்தான் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

முதலாமவர் பேசவே மாட்டார். நான் சொல்லி முடித்தாலும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். “இது எப்போது சரியாகும்?” என்று கேட்டேன். “இந்தக் கேள்வி இப்போது ஏன் வருகிறது என்று நினைக்கிறீர்கள்?” என்றார். ஐம்பது நிமிடம் ஆனதும், நான் பாதி வாக்கியத்தில் இருந்தாலும், “அடுத்த வாரம் தொடர்வோம்” என்பார். வெளியே வந்து லிஃப்டில் ஏறும்போதே நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு அவரிடமிருந்து ஒன்றுமே கிடைக்கவில்லை.

அது சைக்கோடைனமிக் முறை என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஃபிராய்டின் வழியில் வந்தது. மனதில் தோன்றுவதை வடிகட்டாமல் பேச விடுவார்கள். பழைய உறவுகளின் சாயல் தெரபிஸ்ட்டிடம் நாம் பழகுவதிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள். அந்த மௌனத்துக்கும் ஒரு வேலை உண்டு. அம்மா இறந்த பிறகு என் தோழி ஒருத்தி இப்படி ஒருவரிடம் போய்த்தான் மீண்டு வந்தாள். அதனால் முறையின் மேல் எனக்குக் குறை இல்லை. “நான் இப்படித்தான் வேலை செய்வேன், இதற்குக் காலம் பிடிக்கும், வேறு வழிகளும் இருக்கின்றன” என்று முதல் நாளே சொல்ல வேண்டாமா? கேட்ட பிறகும் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாமவர் நேரெதிர், ஒரே அறிவுரை. “ரொம்ப யோசிக்காதீங்க.” தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதீர்கள், கூட்டமான இடங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்றார். நடுநடுவே தன் வீட்டுப் பிரச்சினை வேறு. அவர் சொன்னபடி இருந்தபோது அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் நான் தனியாகப் போகக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

மூன்றாமவரிடம் போனிலேயே கேட்டுவிட்டேன்: “நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள்?” தயங்காமல் சொன்னார். சிபிடி (Cognitive Behavioural Therapy), அதாவது பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற முறை; 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியதை ஒட்டியது. வாராவாரம் வீட்டில் செய்ய ஏதாவது இருக்கும். சில வாரம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

முதல் செஷனில் ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்தார். படபடப்பு வருகிறது, “மயங்கி விழப்போகிறேன்” என்ற எண்ணம் வருகிறது, அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது. தண்ணீர் பாட்டிலும் ஒதுங்கிப் போவதும் இந்த வட்டத்தை உடைய விடாமல் காப்பாற்றிக்கொண்டே இருந்தன என்று அவர் சொன்னபோது, இரண்டாமவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்க ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். ஆரம்பிக்கும் முன் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். ‘மயங்கி விழுவேன், 80 சதவீதம்’ என்று எழுதினேன். கை நடுங்கியது, தலை சுற்றியது. விழவில்லை. பேனிக்கின்போது ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும். மயக்கமோ பெரும்பாலும் அது திடீரென்று இறங்கும்போது வருவது என்று விளக்கினார். மறுபடி செய்தபோது 80 என்பது 30 ஆனது. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். (உங்களுக்கு ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

இவரிடமும் உரசல் வந்தது. பயிற்சிகளை வேகமாக அடுக்கினார். பேச நினைத்தது பேசாமலே போனது. அதைச் சொன்னதும் நிதானித்து, செஷனின் முதல் பத்து நிமிடத்தை எனக்கென்று விட்டார். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சொன்னது இதைத்தான்: எந்த முறையானாலும் இலக்கு, அதற்கான வேலை, இருவருக்கும் இடையிலான பிணைப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிடிக்காததைச் சொன்னால் முகம் சுளிக்கிறவரா, காது கொடுக்கிறவரா என்று சீக்கிரமே பார்த்துவிடுங்கள்.

போனிலேயே இவற்றையும் கேளுங்கள்: என் பிரச்சினை உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வோம்? நான் சொல்வதில் எதை, எந்த நிலையில் வெளியே சொல்ல நேரும்? செஷனை ரத்து செய்தால் கட்டணம் உண்டா? மழுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள். ஒருவரை விட்டு மாறுவதாக இருந்தால், கடைசி செஷனிலேயே சுருக்கக் குறிப்பு ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலாமவர் அதைத் தருவதற்குள் நான் எல்லாக் கதையையும் புதியவர்களிடம் முதலிலிருந்து சொல்லி முடித்திருந்தேன்.