கோடு போட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள்

ஊர்த் திட்ட வரைபடத்தில் எங்கள் பகுதிக் குளத்தின் மேல் போட்டிருந்த சாலைக் கோட்டைப் போன வாரம் நகர்த்திவிட்டார்கள். நாலரை மாத அலைச்சல். நிம்மதியாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் பட்ட பாடு இன்னும் மனதில் ஆறவில்லை. உங்கள் ஊருக்கும் என்றாவது ஒருநாள் அடுத்த இருபது வருடத்துக்கான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்று ஒன்று வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பும் வரும். நாங்கள் வீணாக்கிய நாட்களை நீங்கள் வீணாக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறிவிப்பு எங்கள் கண்ணில் பட்டபோதே 60 நாள் அவகாசத்தில் 19 நாள் போயிருந்தது. வரைபடத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள், ஆனால் பெரிதாக்கினால் எல்லாம் கலங்கிப்போகும், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பக்கமே இல்லை. சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று அரை நாள் விடுப்புப் போட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் எங்கள் தெரு எங்கே என்று கேட்டதற்கு எழுத்தர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். அது 1:10,000 அளவு வரைபடம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர். அவர் விரலுக்கு அடியில் எங்கள் தெரு, பள்ளிக்கூடம், குளம் மூன்றும் மறைந்துபோயின. விரலை எடுத்த பிறகு பார்த்தால் குளம் இருக்க வேண்டிய இடத்தில் ‘காலி நிலம்’ என்று இருக்கிறது, அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. இது என்ன சார் என்றேன். "ப்ரபோஸ்டு ரோடு. வெறும் வரைவுதானே மேடம், இப்பவே எதுக்கு அலையுறீங்க?" என்றார். இந்த வார்த்தையை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்தக் கோட்டின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் தரையில் அது 18 மீட்டர் அகலச் சாலை.

அடுத்த தவறு எங்களுடையது. உணர்ச்சியோடு மூன்று பக்க மனு எழுதி, வீடு வீடாகப் போய் 140 கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தபால் பிரிவில் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து விசாரித்தால் பதிவேட்டில் அது ஒரே ஒரு ஆட்சேபணையாக ஏறியிருக்கிறது. அதுவும் நில அளவை எண் குறிப்பிடவில்லை என்று ஓரமாக வைத்திருந்தார்கள். 140 பேர், ஒரு வரி! அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நடை. அதனால் சொல்கிறேன்: ஆளுக்கொரு கடிதம் கொடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். நில அளவை எண், வரைபடத் தாளின் எண், அதில் என்ன தப்பு, அதற்குப் பதில் என்ன வேண்டும், இவ்வளவு போதும், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒப்புகைச் சீட்டில் தேதியும் சீலும் விழாமல் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள். எங்களிடம் "அப்புறமா வந்து வாங்கிக்கோங்க" என்றார்கள், நாங்கள் நாற்பது நிமிடம் அங்கேயே நின்று வாங்கினோம்.

குளம் ஏன் காலி நிலமானது என்பதும் போகப்போகத்தான் புரிந்தது. அடிப்படை வரைபடத்துக்கு எடுத்துக்கொண்ட செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது. எங்கள் குளம் வருடத்தில் நாலைந்து மாதம் வறண்டுதான் கிடக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் தரை. மழைக்காலத்தில் அதே இடம் ஒரு பகுதியின் தண்ணீர் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மக்களைக் கேட்டுத் திட்டம் போடுங்கள் என்று கத்துவது இதற்காகத்தான்.

பக்கத்துத் தெருவில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் இல்லையென்றால் எதுவும் நடந்திருக்காது. எங்கள் பகுதியை மட்டும் தனியாகப் பெரிதாக்கி அச்சடித்து வந்து கூடத்துத் தரையில் விரித்தார். முதலில் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, "பள்ளிக்கூட வாசல் எங்க இருக்கு, அதை முதல்ல காட்டு" என்றார். காட்டியதும் மடங்கி உட்கார்ந்து, அங்கிருந்து விரலாலேயே நடந்து தன் வீட்டைக் கண்டுபிடித்தார், அப்புறம் பென்சிலை வாங்கி, "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு, இந்தத் திண்ணையில ஏறலை" என்று ஒரு கோடு இழுத்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு பென்சிலோடு குனிந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எந்த அலுவலகத்திலும் இல்லாத வெள்ள வரைபடம் எங்கள் கையில் இருந்தது. அதோடு, பலர் கைப்பேசியில் இருந்த பழைய படங்களில் தேதி தெரிகிறவற்றை மட்டும் பொறுக்கி, மாதவாரியாக ஒட்டிக் கொடுத்தோம். எங்கள் 140 கையெழுத்து சாதிக்காததை இந்த ஒரு தாள் சாதித்தது.

நடுவில் பாதிப் பேர் சோர்ந்துவிட்டார்கள். வரைபடத்தில் வந்துவிட்டால் மாற்றமாட்டார்கள் என்று ஒரே பேச்சு. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டிப் போட இருந்த விரைவுச் சாலையைப் பற்றி அப்போது சொன்னேன். அதுவும் பல ஆண்டுகள் காகிதத்தில் இருந்ததுதான், குடியிருந்தவர்கள் விடாமல் எதிர்த்ததால் கடைசியில் 1969இல் கைவிடப்பட்டது. அதைக் கேட்டபின் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேரே போதுமானதாக இருந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர் யார் வர முடியும்? படம் போட்டு விளக்கியதிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது, மக்கள் பேச மொத்தமே 25 நிமிடம், ஆளுக்கு மூன்று நிமிடம். பேசி முடித்ததும் "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். என்ன குறித்தார்கள் என்பது கூட்டக் குறிப்பு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது: ‘குடியிருப்போர் திட்டத்தை வரவேற்று ஆலோசனைகள் வழங்கினர்.’ படித்ததும் கை நடுங்கியது எனக்கு. நல்லவேளை, பேசப்போவதை முன்பே எழுதி அதன் நகலைக் கூட்ட மேடையிலேயே கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தோம். அதை இணைத்து, குறிப்பைத் திருத்தச் சொல்லி மறுநாளே கடிதம் கொடுத்தோம். திருத்தினார்கள். வாயால் பேசுவது மட்டும் எங்கேயும் பதிவாகாது, தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969இல், மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாக வகுத்துக் காட்டினார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நாலாம் படி, மக்கள் கையில் உண்மையான அதிகாரம் வருவது ஆறாம் படியிலிருந்துதான். அன்றைக்கு நாங்கள் எந்தப் படியில் நின்றோம் என்பது அந்தக் கூட்டக் குறிப்பிலேயே தெரிகிறது. சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பது பற்றி 1998இல் பல நாடுகள் கையெழுத்திட்ட ஆர்ஹஸ் உடன்படிக்கையில் ஒரு நல்ல வாசகம் உண்டு, எல்லா மாற்று வழிகளும் திறந்திருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே மக்களைச் சேர்க்க வேண்டும் என்று. எங்களைக் கோடு போடும் முன்பே கூப்பிட்டிருந்தால் அந்தப் பாட்டி ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்திருப்பார். நாலரை மாதமும் வேண்டாம், இத்தனை நடையும் வேண்டாம்.

திருத்திய வரைபடம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். குளம் நீர்நிலை என்று நீலத்தில் இருந்தது. பாட்டியிடம் காட்டியபோது கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் அந்த நீலத்தையே பார்த்தார்.

ஆனால் சாலையை எடுத்துவிடவில்லை. மேற்கே தள்ளி, பட்டறைகள் இருக்கும் சந்து வழியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஏழு வீடுகள். அவர்களில் ஒருவர்கூட ஆட்சேபணை கொடுக்கவில்லை, கொடுக்க ஒரு காரணமும் அப்போது இல்லை. நேற்று சாயந்திரம் எங்கள் கடிதத்தின் மாதிரியையும் பெரிதாக்கிய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போனோம். முதல் வீட்டில் இருந்தவர் கதவைப் பாதி திறந்து, "எங்க வீடு போகுதா?" என்று மட்டும் கேட்டார். திருத்தத்தின் மேல் ஆட்சேபணை கொடுக்க இன்னும் 22 நாள் இருக்கிறது. அவர் வீட்டு நில அளவை எண்ணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம், மற்ற ஆறு வீடுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.