சுருக்குப்பையில இருந்த மாத்திரை

பாட்டிமாவுக்கு 74 வயசு, மயக்கம்னு ராத்திரி பத்து மணிக்கு வார்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கெடக்கு, ஹீமோகுளோபின் 6. இதயத்துடிப்பு தாறுமாறா இருக்குறதால ரெண்டு வருஷமா அசிட்ரோம்னு ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை எடுக்குறவங்க. மூணு நாளா மலம் தார் மாதிரி கருப்பா போயிருக்கு, அது வயித்துக்குள்ள கசிஞ்ச ரத்தம், சத்து மாத்திரை சாப்பிடுறதால அப்படின்னு வீட்ல விட்டுட்டாங்க.

ரத்தம் உறைய எவ்ளோ தாமதமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்தா 3.2 தான். அவங்களுக்கு 2லேருந்து 3க்குள்ள இருக்கணும், சொல்லப்போனா லேசாதான் கூட, இதுக்கா இவ்ளோ ரத்தம் போகும்னு டூட்டி டாக்டருக்கே குழப்பம். வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களான்னு நான் கேட்டேன், இல்ல கண்ணுன்னாங்க, நானும் கேஸ் ஷீட்ல அப்படியே எழுதிட்டேன்.

காலைல பெட்ஷீட் மாத்துறப்ப இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பை கீழ விழுந்துச்சு. கொட்டப்பாக்கு, சில்லறை, கூடவே அட்டையிலேருந்து கத்தரிச்ச நாலு டைக்ளோஃபினாக். இது என்ன பாட்டிமான்னேன். "அது முட்டிவலிக்கு மெடிக்கல்ல குடுத்தது கண்ணு, அதையெல்லாம் போயி மாத்திரைன்னு சொல்லுவாங்களா"ன்னாங்க. பத்து நாளா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு.

வலி மாத்திரை வயித்தோட உள்சுவரைப் புண்ணாக்கும், தட்டணுக்களையும் சரியா வேலை செய்ய விடாது, இது ஐஎன்ஆர்ல தெரியாது, அதோட ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சேர்ந்தா அந்தப் புண்ணு நிக்காம கசியும். எண்டோஸ்கோபில புண்ணு தெரிஞ்சுது, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனோம், ஒரு வாரத்துல நடந்தே வீட்டுக்குப் போனாங்க.

எனக்குத்தான் மனசு ஆறல. கீரை இந்த மாத்திரையோட வேலையைக் குறைச்சிடும், சாப்பிடாதீங்கன்னு இவங்களையெல்லாம் பயமுறுத்தி அனுப்புறோம், உண்மையில கீரையைத் திடீர்னு கூட்டாம குறைக்காம ஒரே அளவா சாப்பிட்டாலே போதும், ஆனா முட்டி வலிச்சா என்ன போடுவீங்கன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல, 70 வயசுல முட்டி வலிக்காத ஆளு யாரு இருக்கா சொல்லுங்க. இதே மாத்திரை எடுக்குற ஒரு தாத்தா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, மேல காயமே இல்லைன்னு விட்டு, மூணு வாரம் கழிச்சு பேச்சு குழறி வந்தப்ப சிடி ஸ்கேன்ல மூளைக்கு மேல ரத்தம் தேங்கி நின்னதையும் பாத்துருக்கேன், அங்கயும் விழுந்தீங்களான்னு கேக்காம தலைவலிக்குன்னு ஊசிதான் போட்டுருக்காங்க.

இப்பல்லாம் மாத்திரைன்ற வார்த்தையையே நான் சொல்றதில்ல. வலிக்கு என்ன போட்டீங்க, சளிக்கு என்ன போட்டீங்க, வயித்துப்போக்குக்கு கடைல என்ன வாங்குனீங்கன்னு தனித்தனியா கேக்குறேன். போன வாரம் இதய வால்வு மாத்தி அசிட்ரோம் எடுக்குற ஒரு ஐயா எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னுட்டு, வயித்துப்போக்குன்னதும் சட்டைப்பையைத் தடவி ஒரு மெட்ரோனிடசோல் அட்டையை எடுத்து நீட்டுனாரு, அது ஐஎன்ஆரை ஏத்திவிடுற மாத்திரை, ரெண்டு மட்டும் மிச்சம் இருந்துச்சு, அதை வாங்கிட்டு ஐஎன்ஆருக்கு ரத்தம் எடுக்கப் போனேன்.